பாதி என்னுடையது

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். கட்டிங் செக்‌ஷனில் ஷூவுக்கான தோலெல்லாம் ஈரம், பாதி வேலை நாளைக்கு. பாப்பாவின் ஜீன் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம், வேலூரிலிருந்து போன். புதன் லீவு.
எடுக்க: பழைய ஃபைல், ஆதார், மாற்றுத்துணி, பிஸ்கட்.

செல்வி சாப்பிடவில்லை. நாலு வருடமாக அதே பேச்சு. "மாசமா இருக்கறப்போ ஷூவுக்கு சொல்யூஷன் பசை ஒட்டற வேலைக்குப் போனேன்ல, அந்த வாசனைதான் பாப்பா தலைய வளர விடல." அம்மாவும் விடுவதில்லை. "நான் அப்பவே வாணாம்னேன்." ஒருமுறைகூட நான் அம்மா வாயை அடைத்ததில்லை. கோழை.

பாப்பா இன்று "தண்ணி" என்றாள். புதுச் சொல்! மூன்று டம்ளர் கொடுத்தேன்.

நவ. 12, புதன்
7.10 பஸ். பள்ளிகொண்டா வரை பாப்பா ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே.

டாக்டரம்மா பொறுமைசாலி. புரிந்தவரை: வயிற்றில் மூளை வளரும்போது மூல செல்கள் முதலில் தங்களையே இரண்டிரண்டாகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். கூட்டம் சேர்ந்த பிறகே நரம்பு செல்லாக மாறலாம். அதைக் கவனிக்கும் ஜீன் ஒன்று பாப்பாவுக்குப் பழுது. செல்கள் அவசரப்பட்டு மாறிவிட்டன, மூளை சிறுத்துவிட்டது. எங்கள் கம்பெனியில் போதுமான ஆள் எடுக்காமலே லைனை ஓடவிட்ட மாதிரி.

செல்வி: "அப்போ சொல்யூஷன்?"
"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."
அங்கேயே அழுதாள். நானும்தான்.

பழுது எங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று. பாப்பாவிடம் இரண்டும் சேர்ந்துவிட்டது. செல்வி என் தாய்மாமன் மகள். அவளுக்கு மாமாவிடமிருந்தும் எனக்கு அம்மாவிடமிருந்தும் வந்திருக்கும் என்று வட்டம், சதுரம் போட்டு வம்சப் படம் வரைந்து காட்டினார்.

பஸ்ஸில் எனக்குக் கொதிப்பு. உன் வழியில் வந்ததுதானே என்று அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவது என்று. செல்வி விடவில்லை. "வாணாம். நாலு வருஷம் நான் பட்டது போதும். அத்த தாங்காது."

இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இவளிடம் சொன்னதே இல்லை.

நவ. 13, வியாழன்
வெயில். அம்மாவிடம் சொல்லியாயிற்று. செல்வி மேல் தப்பில்லை, சொல்யூஷன் காரணமில்லை, பாதி என்னிடமிருந்து வந்தது. இனி அந்தப் பேச்சே கூடாது.

"இன்னாடா சொல்ற?" என்றாள். பிறகு, "உனக்கு எங்கருந்துடா வந்துச்சு?"

நான் வாய் திறப்பதற்குள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த செல்வி தலை நிமிராமல், "மாமனார் வழின்னாங்க, அத்த."

"நெனச்சேன். அந்த வம்சமே அப்பிடித்தான்." அம்மா முகத்தில் என்ன ஒரு தெளிவு! செல்வியிடமிருந்து கீரைக்கட்டைப் பிடுங்கி, "நீ போய்ப் படு, நேத்து அலைஞ்சிட்டு வந்த" என்றாள்.

அப்பா போய் ஆறு வருடம். கோபித்துக்கொள்ள மாட்டார்.