அப்பா நீல வண்டிக்கு மாறிய கதை

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், அப்படியே இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிப் பழகின கை, இந்தத் தடவை அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. நான் சௌக்கியம். அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், போனில் சொல்ல வழியில்லை, உன் குரல் கேட்டாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இப்போது தோட்டத்தைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் சமையலறை மேசையில் காய்கறிக் கூடையை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

மினி டிராக்டர் வாங்கப் போகிறாராம் என்று அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் போனில் சொன்னபோது நீ அழுதாய். இனி வைத்தியம் இல்லை, இருக்கும் வரை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் நம் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னதை அவர் காதில் போடக் கூடாது என்று நாம்தானே முடிவு செய்தோம். அதனால் பாவம், குணமாகி மறுபடியும் எலுமிச்சைத் தோட்டத்தை உழப்போகிற நினைப்பில் இருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு டிராக்டர் எதற்கு என்று வாய் வரை வந்தது, ஆசையைக் கெடுப்பானேன் என்று விழுங்கிவிட்டேன்.

வாங்குவதென்றால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். உன் அப்பாவின் சிவப்புப் பைத்தியம் உனக்குத் தெரியாததா. நம் பெரிய வண்டி சிவப்பு, அதற்கு முன்னால் இருந்ததும் சிவப்பு, நீல வண்டி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் சிவப்பு டீலரிடம் ஒரு நாள், நீல டீலரிடம் ஒரு நாள் என்று என்னை இழுத்துக்கொண்டு அலைந்தார். சிவப்புக்காரர் கடை முழுக்கக் கண்ணாடி, உள்ளே போனதும் குளிர்ந்த காற்று, காபி, வழுவழுப்பான விளம்பரத் தாள். நீலக்காரர் கடை மர அறுவை மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, உட்கார ஒரு பெஞ்சு, சுவரெல்லாம் பெல்ட்டும் ஃபில்டரும் தொங்கும். அந்த டீலரை எல்லோரும் நெட்டையர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் குனிந்துதான் தன் கடைக்குள்ளேயே நுழைய வேண்டும்.

இரண்டு இடத்திலும் அப்பாவுக்கு ஒரே பாட்டு. எனக்கு மூச்சு வாங்குது, நீ ஏறிப் பாரு என்பார். முட்டி வலியோடு நான் ஏறுவேன். கிளட்ச் எட்டுதா, முழுசா அழுத்து, ஸ்டியரிங்கை ஒரு கையால திருப்பு, கீழே இறங்கி மண்ணைக் கிளறுற அந்த ரொட்டவேட்டர் பின்னை நீயே மாட்டிப் பாரு என்பார். கையெல்லாம் கிரீஸ். எனக்குக் கோபம் வந்து, வண்டி வாங்க வந்தீங்களா, என்னை வேலைக்குச் சேத்துவிட வந்தீங்களா என்று நெட்டையர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். சிவப்பு வண்டியில் எனக்குக் கால்விரல்தான் கிளட்ச்சில் பட்டது. சீட் இன்னும் முன்னால வருமா என்று அப்பா கேட்க, உங்க உயரத்துக்கு இதுவே தாராளம் சார் என்று அந்த டீலர் சிரித்தார்.

இரண்டு கடையும் பார்த்து முடித்த அன்று சாயங்காலம் அப்பா ஒரு கூத்துப் பண்ணினார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி என்னை இரண்டு டீலருக்கும் போன் போடச் சொன்னார். யார் என்று சொல்லக் கூடாதாம், வண்டி தோட்டத்தில் நின்றுவிட்டது, ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். சிவப்புக் கடையில் எடுத்தவர், வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்கம்மா என்றார். நெட்டையரோ, பதறாதீங்கம்மா, கிளட்ச்சை முழுசா அழுத்திக்கிட்டு சாவியைத் திருப்புங்க, இல்லேன்னா ஸ்டார்ட் ஆகாது, அப்பவும் ஆகலைன்னா இடத்தைச் சொல்லுங்க, காலைல நானே வரேன் என்றார். இல்லாத வண்டிக்கு அந்த மனுஷன் வழி சொல்வதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், அப்புறம் நீலமே எடுத்துக்கலாம் என்றார். அந்தக் கலர்ல காக்கா கூட உக்காராதுன்னு சொன்ன ஆளு நீங்க என்று நான் வம்புக்கு இழுத்தேன், சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க நெடுநேரம் ஆயிற்று.

போன வாரம் வண்டி வந்து இறங்கியது. நெட்டையர் அப்பாவைப் பார்த்து அளவெடுத்து சீட்டைப் பின்னால் தள்ளினார். எனக்கில்ல தம்பி, அவளுக்கு வைங்க என்றார் அப்பா. சீட்டை முன்னால் இழுத்து நட்டை முறுக்கி, இப்ப ஏறுங்கம்மா என்றார் நெட்டையர். ஏறினேன், கிளட்ச் அடிவரை போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தனை அலைச்சலிலும் அவர் தனக்கு வண்டி பார்க்கவே இல்லை. இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நெட்டையர் போன பிறகு அப்பா மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார், டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும், உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் பொய் சொல்ற மூஞ்சியா, கஷ்டப்பட்டு மறைக்கிறீங்களேன்னுதான் நானும் தெரியாத மாதிரி இருந்தேன். நான் அழுதேன், அவர் சீட் நட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது தினமும் காலையில் ஓட்டுகிறேன். வரிசை முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கையைக் காட்டி அதிகாரம் பண்ணுகிறார், கியரை மாற்று, மெதுவா, கிளையைப் பாரு என்று. சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்பதில்லை. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் முதலில் நாற்காலியைத்தான் பார்க்கிறேன். இருக்கிறார். அடுத்த வரிசையிலும் அப்படியே பார்க்கிறேன். உழுது முடிக்கும் வரை எனக்கு இதே வேலைதான்.

இனிமேல் போனில் குரலை மாற்றிப் பேசாதே அம்மா. அழுகை வந்தால் அழு, அவரும் அழட்டும். லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் கிளம்பி வா, குட்டியைக் கட்டாயம் கூட்டி வா. அவளுக்குச் சளி பிடிக்கும், கம்பளிச் சட்டையைக் கைப்பையிலேயே வை, பெட்டிக்குள் போட்டுவிடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும்.

மாப்பிள்ளைக்குப் புது வண்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஆசை தீர ஓட்டட்டும். கால் இடித்தாலும் பரவாயில்லை, சீட்டை மட்டும் நகர்த்த வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா