கேரல் ரவுண்டில் ஜாஸ்மி செய்தது

அன்பு மகன் ஜாஸ்பருக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் ஜாஸ்மியும் சுகம், மஸ்கட்டில் உனக்கும் சுகக் குறைவு வராமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியில் சத்தம் போட்டு வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மழை விட்டு ரப்பரில் பால் நன்றாக ஊறுகிறது. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, கஷாயம் குடிக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

நடந்ததை நீ ஸ்மைலின் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய், நான் சொல்வதையும் கேள். போன வாரம் விளக்கு வைக்கும் நேரத்தில் கேரல் ரவுண்ட் வீடு வீடாகப் பாடிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தது. கிறிஸ்மஸ் தாத்தா முகமூடி போட்டு ஆடினார், பிள்ளைகளுக்கு மிட்டாய் எறிந்தார். முகமூடிக்குள் யார் என்று தெரிந்தாலும் கேட்கக் கூடாது என்பது நம் சபை வழக்கம், உனக்குத் தெரியும். பாட்டு முடிந்து எல்லாரும் முற்றத்தில் கேக் தின்றுகொண்டிருக்கும்போது ஜாஸ்மி தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். தாத்தா பின்னாலேயே போய் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்திருக்கிறார். விடச் சொல்லியும் விடவில்லை. இவள் உடம்பைத் தாழ்த்தி, அவர் காலை மிதித்து, முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்து, பிடி விட்டதும் முற்றத்துக்கு ஓடிவந்து சத்தம் போட்டாள். முகமூடியைக் கழற்றினால் ஸ்மைலின், உனக்குப் பேசி வைத்திருக்கிற பெண்ணின் அண்ணன். உன் அம்மா பதறிப்போய் அவனுக்குத்தான் முதலில் சுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் அவன் அப்பா, நம் சபைச் செயலாளர், வந்தார். பையன் விளையாட்டுக்குப் பிடித்தானாம், கிறிஸ்மஸ் திருவிருந்துக்கு முன்னால் ஜாஸ்மி சபை முன் மன்னிப்பு கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கல்யாணத்தை யோசிக்க வேண்டி வருமாம். நீயும் அதையே சொன்னாய், கொரியாக்காரன் சண்டை நமக்கு எதற்கு, ஜாஸ்மியின் வகுப்பை நிறுத்துங்கள் என்றாய். எனக்கும் ஊரில் பகை வேண்டாம் என்றுதான் இருந்தது. மார்த்தாண்டத்தில் அவளுக்கு அந்தக் கொரியத் தற்காப்புக் கலை ஹாப்கிடோ சொல்லிக்கொடுக்கும் பிரிஜா மாஸ்டரிடம் போய், பிள்ளைக்கு இதுவா கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பிடி விட்ட பிறகு மறுபடி அடித்தாளா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சரியாகத்தான் செய்திருக்கிறாள், அடித்து ஜெயிப்பதற்கு இல்லை, பிடியிலிருந்து கழன்று ஆள் இருக்கும் இடத்துக்கு ஓடுவதற்குத்தான் இது என்றார். வீட்டுக்கு வந்து ஜாஸ்மியைச் செய்துகாட்டச் சொன்னேன். நான் பட்டும்படாமல் பிடித்தேன், நல்லா பிடியுங்கப்பா என்றாள், பிடித்தேன், அப்புறம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கொயரில் முன்பு பாடுமே ரெஜிலா, அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். போன வருஷமும் தாத்தா வேஷம் ஸ்மைலின்தான். ரெஜிலாவையும் இதே மாதிரி பிடித்திருக்கிறான். அதனால்தான் அந்தப் பிள்ளை கொயரை விட்டு நின்றதாம், நாம் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தோம். "ஒங்க மவ இடிச்ச பொறவுதான் எம்மவ வாயத் தொறந்தா" என்று சொல்லி அழுதாள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை மக்கா. நேரே செயலாளர் வீட்டுக்குப் போய், ஜாஸ்மி மன்னிப்பு கேட்க மாட்டாள், உங்கள் பையன்தான் இரண்டு பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும், கல்யாணம் நிற்கும் என்றால் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காப்பி கூடத் தரவில்லை. இதுவரை பதிலும் இல்லை.

பெண்ணின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கு வேண்டுமென்றால் அவளிடமே பேசிப் பார். ஆனால் ஒன்று. ஸ்மைலின் பிடித்ததற்கு ஜாஸ்மி அழவில்லை, சபையில் நாலு பேர் அவளைக் குறை பேசினதற்கும் அழவில்லை. நீ போனை வைத்த பிறகு அழுதாள். "அண்ணன் ஒனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கலியேப்பா" என்றாள்.

வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஜாஸ்மி வகுப்பு முடிந்து நம் நேரம் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள், அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா நேசமணி