சவுக்குத் தோப்பில் முளைத்த கிண்ணங்கள்

கார்த்திகை, ஞாயிறு

காலையில் மழை விட்டதும் பெண்கள் எல்லோரும் அடுப்புக்குச் சருகு கூட்டச் சவுக்குத் தோப்புக்குப் போனோம். அடுத்த வீட்டு வசந்தா என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு நேத்து என்னைக் கூப்ட்டு ஒண்ணு காமிச்சாரு. மணல்ல காளான் மொளச்சிகீது. குட்டிக் குட்டிக் கிண்ணம் மாதிரி."

"இன்னாடி, உனக்கு மட்டும் கண்காட்சியா? டிக்கெட்டு எவ்ளோ வாங்கினாரு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு மட்டும் எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என்னை ஒரு வானவில் பார்க்கக்கூடக் கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் தனியாகப் போய்ப் பார்த்தேன். பழுப்புக் கிண்ணங்கள், உள்ளே வழவழவென்று, விளிம்பெல்லாம் மணல். அழகாகத்தான் இருந்தன. அதனாலேயே கோபம் கூடியது. காலால் மணலைத் தள்ளி எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். "தோப்புல புதுசா காளான் கீதுமே. உனக்குக் காளான் கொழம்புன்னா உசுராச்சே, பறிக்கலாமான்னு வசந்தாவைக் கேட்டேன். அவ அம்மா வூட்டுப் பக்கம் பறிப்பாங்களாம். இது தெரியாத ஜாதி, தின்னாதீங்கன்னுட்டா. போனா போவுது, பாக்க அழகா கீது. காலையில உன்ன இட்டுகினு போறேன்."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

இப்போது குறட்டை விடுகிறார். அவர் எழுந்திருக்கும் முன் போய்க் கையால் மெள்ள மணலை விலக்கிப் பார்க்க வேண்டும். மணலுக்குள்ளிருந்து வந்ததுதானே, ஒரு ராத்திரி தாங்காதா?