மிதித்த பிரதி

ஓல்ஷ்டின், நவம்பர் 1974

அன்புள்ள ஹால்ஷ்கா,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம்தான்.

நேற்று ஒத்திகையில் ஒரு வேடிக்கை. ஆறு வருஷம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேனே, அந்த ஹங்கேரிய நாடகப் பிரதி கைதவறி விழுந்தது. பிரதி விழுந்தால் மிதித்துவிட வேண்டும் என்ற நம் நாடகக்காரர் வழக்கப்படி உடனே மிதித்தேன். பார்க்க வந்திருந்த தணிக்கை அதிகாரி, "நீங்களே மிதிக்கிறீங்க, நான் எதுக்குய்யா அனுமதிக்கணும்?" என்றார்.

"மிதிக்கலேன்னா நாடகம் ஊத்திக்கும் சார்!"

"மிதிச்சும் ஊத்திக்கிச்சு பாருங்க" என்று அனுமதி தராமலே கோப்பு அட்டையை மூடிவிட்டார்.

இதோடு என் மூன்று நாடகத்துக்கு அனுமதி இல்லை. நான்காவது இருக்காது.

கம்பளிக் காலுறை அனுப்பு, நீயே பின்னியது. முதல் காட்சிக்கு எடுத்த ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ டைப் அடித்த நகல் அலமாரியில் இருக்கும். எடுக்கும்போது விழுந்தால் மிதிக்காதே, அப்படியே கிடக்கட்டும்.

தபால்காரர் நிற்கிறார்.
போகுமில்