முனியாண்டி பக்கத்தில் இருந்த பல்

மச்சான்,

நேற்று டவுன் மியூசியத்தின் பின்னறையில் ஓர் இழுப்பறையைத் திறந்து காட்டினார்கள். முதலில் பூச்சி உருண்டை நாற்றம் வந்தது. அதை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே மஞ்சள் வாசம். இத்தனை வருடம் பூட்டி வைத்தும் போகவில்லை. பக்கத்தில் நின்ற உன் மகள், "ஏன் மாமா கண்ணு கலங்குது?" என்றாள். பூச்சி உருண்டை என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் ஆகச் சிறியது அதுதான்.

மழை பிடித்தால் றப்பர் பால்வெட்டு நின்றுவிடும். நாமிருவரும் வயல் பக்கத்து மாணிக்கக் குழிக்குக் கூலிக்குப் போவோம். அடியில் இறங்குவது நீ, மேலே கயிறு இழுப்பது நான். நான் இறங்கினால் குழி அமெரிக்கா வரை போய்விடும் என்று தோட்டத்து லயக் குடியிருப்பே நம்பியது. நம்ப வைத்தவன் நான். ஒருநாள் அடிச் சரளையிலிருந்து கல்லுக்குப் பதிலாக ஒரு பல்லை எடுத்து வந்தாய். அம்மிக் குழவியில் பாதி இருந்தது. குழி முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வீசினார். நீ துண்டில் சுற்றிக்கொண்டாய்.

லயத்தில் நான் முழங்கினேன்: "இராவணேஸ்வரன் கடவாப் பல்லு! வெத்தல போட்டே தேஞ்சிருக்கு, பாத்துக்கங்க!"

என் தங்கச்சி, உன் சம்சாரம், சிரிக்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து தானாக வந்தது சாமி அவளுக்கு. தேங்காய் நாரால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி, மரத்தடியில் முனியாண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமை விளக்கும் ஏறியது.

உனக்குத்தான் பொறுக்கவில்லை. "சாமியா இருக்கட்டும் மச்சான். ஆனா எந்த மிருகம், எந்தக் காலத்துதுன்னு யாராச்சும் சொல்லணும்ல? நம்மள நேத்து இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க. நமக்கும் அவங்களுக்கும் முன்னாடி இங்க யாரு இருந்தாங்கன்னு கேட்டுத்தான் பாப்போமே."

தங்கச்சியிடம் கெஞ்சி, ஒருநாள் இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் பொட்டலத்தைப் பார்த்து "மே மொகத்த?" என்று சிங்களத்தில், இது என்னவென்று அதட்டினான். "ராவணாகே தத, மாத்தயா" என்றேன். இராவணன் பல் என்று கேட்டதும் அவன் பிரித்தான், மஞ்சளும் குங்குமமும் பார்த்தான், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினான்.

மியூசியத்தில் பொறுப்பாயிருந்த நோனா, அந்தச் சிங்கள அம்மா, சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தட்டுத் தட்டாகப் பழைய பற்களைக் கொண்டுவந்து, நம்முடையதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். புதிதாக வருவதற்குச் சொந்தக்காரர் யாரென்று தேடத்தான் அத்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். கடைசியில் தன் கொச்சைத் தமிழில் சொன்னாள்: "இது காண்டாமிருகம். இப்ப நம்ம நாட்டில இல்ல."

காண்டாமிருகம்! வயலில், நாம் நாற்று மிதித்துவிட்டு ஓடிய அதே வரப்பில்! ஆயுள் முழுக்கப் புளுகியும் எனக்கு அப்படி ஒன்று தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று.

"எவ்வளவு காலம் முந்தி நோனா?" என்று கேட்டாய்.

"ஒட்டியிருந்த மண்ணுதான் சொல்லும். ஏன் கழுவினீங்க?" என்றாள். உன் முகம் விழுந்ததைப் பார்த்து, "மழை விடட்டும், நாங்களே வந்து குழிய பாக்கிறோம்" என்றும் சொன்னாள்.

மழை விடவில்லை. கல் கிடைக்காத குழியை மூடிவிடப் போகிறேன் என்றார் முதலாளி. பல் கிடந்த இடத்து மண்ணை அள்ளிவிட நீ சாக்கோடு இறங்கினாய். நான் கயிற்றில் நின்றேன். சாக்கு மேலே வந்தது. அதை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பக்கச் சுவர் சரிந்தது. முட்டுக்கொடுத்த மரங்கள் தீக்குச்சி ஒடிவதுபோல் ஒடிந்தன. ஊரே வெட்டியது. உன்னை எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

கருமாதி முடிந்ததும் தங்கச்சி தானே முனியாண்டியிடம் போய்ப் பல்லை எடுத்து வந்தாள். "இத அங்கயே குடுத்துருங்கண்ணே. அவரு கேட்டத அவங்க கண்டுபிடிக்கட்டும்." பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு சொட்டு மழை படவிடவில்லை.

அன்றைக்கு அந்த மண்ணைக் கேட்க மியூசியத்தில் கருவி இல்லை. ஆனாலும் வைத்திருந்தார்கள் மச்சான். கேட்கத் தெரிந்த யாராவது பிறகு வருவார்கள் என்று உன் மண்ணைப் பல்லோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார்கள். இப்போது வந்துவிட்டார்கள். பல்லாயிரம் வருஷம் என்று நேற்றுத்தான் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் பத்தால் பெருக்கிச் சொல்லுகிற எனக்கு அதைப் பெருக்க இடமில்லை. உன் விலாவில் இடித்து, "கேட்டியாடா?" என்று கத்தக் கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் உன் மகள்தான் நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். "கடைசியா அப்பா என்ன மாமா சொன்னாரு?"

துரை வீட்டு நாயைத் தேவாரம் பாட வைத்தவன் நான். உன் வாயில் ஒரு மகாகாவியத்தையே ஏற்றியிருக்கலாம். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். ஆனால் உன் சொல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

"'இழு மச்சான்'னாரு. இழுத்தேன் தாயி. மண்ணுதான் வந்துச்சு."