மஞ்சள் பூசாத நாள்

கள்ளக்குறிச்சி,
19.9.87

அன்புள்ள மாமாவுக்கு, அம்சவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. தபால் ஓடாததால் அம்மாசி அண்ணன் இதைச் சைக்கிளில் கொண்டுவருகிறார். உளுந்தூர்பேட்டை மறியலில் நீங்கள் எந்த இடத்தில் இருந்தாலும் தேடிக் கொடுப்பதாகச் சொன்னார். ரேடியோவில் துப்பாக்கிச் சூடு என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்வரிசையில் நிற்காதீர்கள். நான் சொல்லியா கேட்கப்போகிறீர்கள்!

கிழக்குக் கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்று. அத்தைக்கு மூட்டுவலி கம்மி.

இனி என் சங்கதி. கொஞ்ச நாளாகவே குமட்டல். ஏழாம் மாசத்தில் இதெல்லாம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தினமும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவள் முகம் மஞ்சளாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அத்தைகூட, "புள்ளத்தாச்சி மூஞ்சி இன்னாமா மின்னுது பாரு" என்று திருஷ்டி கழித்தார். கடைகள் அடைத்துக் கிடப்பதால் மஞ்சள் வாங்க முடியாமல், நேற்று வெறும் தண்ணீரில் குளித்தேன். துடைத்த பிறகும் நிறம் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்ணும் மஞ்சள்.

இன்று காலை போய்க் காட்டினேன். டாக்டரம்மா சீட்டில் 'இக்டெரஸ்' என்று எழுதினார். என்ன பெரிய நோயோ என்று பயந்து கேட்டேன். காமாலைதான், கிரேக்கர்கள் வைத்த பெயர் என்றார். அது ஒரு மஞ்சள் பறவைக்கும் பெயராம். நோயாளி அந்தப் பறவையைப் பார்த்தால் நோய் அதற்குப் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வார், பறவை செத்துவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். என் பயத்தைப் போக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்றில் இருப்பதைவிட எனக்குப் பக்கத்தில் வேறு எந்த உயிர் இருக்கிறது? என் நோயை அது வாங்கிக்கொண்டால் என்ன செய்வேன்? நேற்றிலிருந்து அது அதிகம் அசையவில்லை மாமா. அத்தையிடம் சொல்லவில்லை.

மாசமாக இருக்கும்போது இது வந்தால் ஆபத்து, உடனே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார். மருந்துக்கடை ஜாபர் பாய் தன் வேனை அவரே ஓட்டிவருகிறார். நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். நீங்களும் வெட்டியதாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபமில்லை. இடஒதுக்கீடு கிடைத்துப் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்குப் போகவும்தான் இந்தப் பாடு என்று தெரியும். ஆனால் நம் பிள்ளை முதலில் பிறக்க வேண்டும்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். அங்கே வேறு யாருக்கும் என்னைத் தெரியாது. நீங்களே ரோட்டில் நின்று, மரத்தை இழுத்துப் போட்டு, ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் செய்து வையுங்கள். நான் நினைவு தப்பிக் கிடந்தாலும் வண்டியை நிறுத்தி அழுதுகொண்டிருக்காதீர்கள். வழியை மட்டும் விடுங்கள்.

நீங்கள் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள்
அம்சவள்ளி