வாவிக்கரையில் நடக்கப் போனது

அன்புள்ள வினோதாவின் அப்பாவுக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகம்தானே? பொகவந்தலாவையில் மழை விட்டதா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சீனி வருத்தத்துக்குத் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரல்லவா. ஹோட்டல் சமையலறையில் விடியுமுன் நின்றால் இருட்டிய பிறகுதான் உட்காருகிறேன். அதனால் லீவு நாளில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நுவரெலியா வாவிக்கரைக்குப் போனேன். குளிர்காற்றில் கைவீசி நடக்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போது எங்கள் ஹோட்டலில் தங்கியிருக்கும் ஓர் அம்மா எதிரே உடற்பயிற்சிக்காக ஓடி வந்தார். என்னைக் கண்டதும் நின்று, "நல்லதாப் போச்சு, ரூமுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வாங்க" என்றார். "இன்னைக்கு எனக்கு லீவுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பிப் போய்க் கொடுத்தேன். அதைப் பார்த்த மேனேஜர் அப்படியே பாத்திரம் கழுவ நிறுத்திவிட்டார். நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, நீங்களும் சிரியுங்கள்.

அதன் பிறகு நடக்கப் போகவில்லை. நான் எனக்காக நடக்கிறேன் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. இப்போது எனக்கும் தோன்றவில்லை. மாத்திரையும் சில நாளாகப் போடுவதில்லை. எழும்பும்போதே எதற்கு என்றிருக்கிறது.

என் கம்பளிச் சட்டையை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். காலையில் தோட்டத்து வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கப் புறப்படும்போது எனக்குப் போனில் ஒரு கோல் எடுங்கள். திட்ட வேண்டாம். "ரஞ்சிதம், மாத்திரையப் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் பதில் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சமையலறையில் தேடுகிறார்கள், போகிறேன்.

ரஞ்சிதம்